கொஷ்செய் உயிரை ஊசியில் வைத்தது ஏன்?

கேள்வி: ரஷ்ய நாட்டுப்புறக் கதைகளில் வரும் சாகாவரம் பெற்ற வில்லன் கொஷ்செயின் உயிர் ஊசியிலா, முட்டையிலா? ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறார்கள். எதற்குள் எது என்ற அடுக்கு வரிசை தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

பதில் 1: இரண்டும் சரிதான், கதைக்குக் கதை மாறும். தவளை இளவரசி கதையில் உயிர் இருப்பது ஊசி முனையில். ஊசி முட்டைக்குள், முட்டை வாத்துக்குள், வாத்து முயலுக்குள், முயல் பெட்டிக்குள், பெட்டி கருவாலி மரத்தின் உச்சியில். கரடி மரத்தைச் சாய்க்கும். பெட்டி உடைந்ததும் முயல் ஓடும், அதைப் பிடித்தால் வாத்து பறக்கும், முட்டை கடலில் விழும். முன்பு நாயகன் கொல்லாமல் விட்ட மீன்தான் எடுத்துத் தரும். அந்த மீன் இல்லையென்றால் கதை கடற்கரையிலேயே முடிந்திருக்கும்!

பதில் 2: முட்டையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினால் கொஷ்செயும் அங்குமிங்கும் தூக்கியடிக்கப்படுவான். ஊசி முனை முறிந்தால்தான் சாவு. நம் ஏழு கடல் தாண்டிய கிளிக் கதையும் இதே கணக்கு: இறக்கையைப் பிய்த்தால் மந்திரவாதியின் கை போகும், கழுத்தைத் திருகினால் ஆள் காலி. உலக நாட்டுப்புறக் கதைகளை எண்ணிட்டு வகைப்படுத்தும் பட்டியலில் (ATU) இந்த வகையின் எண் 302.

பதில் 3: ஒளித்த இடத்தில் குறையில்லை, வாய்தான் குறை. கொஷ்செய் சிறைவைத்த பெண், உயிர் எங்கே என்று கேட்டதும் முதலில் துடைப்பத்தில் இருக்கிறது என்று புளுகுவான். அவள் அதற்கே பொன் பூசிவைத்தால் மனம் இளகி உண்மையைக் கொட்டிவிடுவான். ஆனால் கொஷ்செய் வரும் இன்னொரு ரஷ்யக் கதையான மரியா மொரேவ்னாவில் முட்டையே கிடையாது. குதிரை உதைத்து, தடியடி பட்டு, எரிக்கப்பட்டுச் சாகிறான். இரண்டையும் கலக்காதீர்கள்.