ஜூனிபர் எண்ணெய்: நல்லெண்ணெயில் எவ்வளவு கலக்கலாம்?

காட்பாடி_குமரன்:
வணக்கம். அம்மாவுக்கு 62 வயசு. சாயங்காலம் ஆனா முட்டி வலி, ரெண்டு கணுக்காலிலும் வீக்கம். 10 மில்லி ஜூனிபர் எண்ணெய் (ஊசியிலைப் புதர்ச் செடியோட பழத்திலிருந்து எடுக்கிற வாசனை எண்ணெய்) வாங்கியிருக்கேன். நல்லெண்ணெயில் என்ன அளவில் கலந்து தேய்க்கணும்? தங்கின நீரை இறக்கும்னு சொல்றாங்களே, வெந்நீரில் 2 சொட்டு விட்டுக் குடிக்கத் தரலாமா?

சத்துவாச்சாரி_வாசம்:
குடிக்கத் தரவே வேணாம் தம்பி. எண்ணெய் தண்ணீரில் கரையாது, மேலே மிதந்து வாயையும் தொண்டையையும் எரிக்கும். சிறுநீரகக் கோளாறு இருந்தா ஆபத்து இன்னும் அதிகம்.

தேய்க்க 1 சதவீதம் போதும்: 50 மில்லி நல்லெண்ணெய்க்கு அரை மில்லி, ஏறக்குறைய 10 சொட்டு. முதலில் முழங்கையின் உள்மடிப்பில் கொஞ்சம் தடவி 24 மணி நேரம் பாருங்க. சிவப்போ அரிப்போ இல்லைன்னா, கணுக்காலிலிருந்து முட்டியை நோக்கி மேலாக 10 நிமிஷம் நீவுங்க. நல்லெண்ணெய் வாசம் ஜூனிபரை அமுக்கிடும். வாசம் வரலைன்னு சொட்டைக் கூட்டுறதுதான் பலரும் பண்ற தப்பு, தோல் புண்ணாகும். வாசமும் வேணும்னா சுத்திகரிச்ச சூரியகாந்தி எண்ணெயில் கலங்க.

ஆற்காடு_மூலிகை:
லேபிளில் 'ஜூனிபெரஸ் கம்யூனிஸ்', பழத்திலிருந்து ஆவியில் வடிச்சதுன்னு இருக்கான்னு பாருங்க. 'சபைனா'ன்னு இருந்தா தொடாதீங்க, அது நச்சு வகை. பெயின்ட் கரைக்கிற டர்பன்டைன் கலப்படமும் உண்டு. ஜூனிபர், டர்பன்டைன் ரெண்டுலயும் ஆல்ஃபா பைனீன்ங்கிற வாசனைப் பொருள்தான் முக்கியம், அதனால மூக்கை மட்டும் நம்ப முடியாது.

நம்ம வேலூர் வெயிலுக்கு இதை அலமாரியில் வைக்கக் கூடாது. பைனீன் காற்றும் சூடும் பட்டா ஆக்சிஜனேற்றம் ஆகும், அந்தப் பழசுதான் பெரும்பாலும் தோல் ஒவ்வாமையைக் கொண்டுவரும். கரும்பழுப்புக் கண்ணாடிக் குப்பியில், மூடியை இறுக்கி ஃபிரிட்ஜில் வைங்க. பாதி காலியானதும் சின்னக் குப்பிக்கு மாத்துங்க. ரப்பர் டிராப்பரை மூடியா விட்டுடாதீங்க, ரப்பர் இளகி எண்ணெயில் கலக்கும். காட்டமா வாசம் மாறி பிசுபிசுத்தா தூக்கிப் போட்டுடலாம்.

குடியாத்தம்_நர்ஸ்:
எண்ணெய் தேய்ச்சு நீர் இறங்காது. நீவுறதும், காலைத் தலையணை மேல் உயர்த்தி வைக்கிறதும்தான் கொஞ்சம் குறைக்கும். விரலால் 10 விநாடி அழுத்திப் பாருங்க. குழி அப்படியே நின்னா இந்த வாரமே டாக்டரைப் பாருங்க. இதயம், சிறுநீரகம், இல்ல பிரஷர் மாத்திரைகூட காரணமா இருக்கலாம். மூச்சு வாங்கினா அன்னிக்கே கூட்டிட்டுப் போயிடுங்க.

காட்பாடி_குமரன்:
நன்றிங்க. டாக்டர்கிட்ட காட்டிடறேன். ஹாலில் டிஃப்யூசரில் (வாசத்தைக் காற்றில் பரப்புற கருவி) போடலாமா? வீட்டில் பூனை இருக்கு.

சத்துவாச்சாரி_வாசம்:
பூனை இல்லாத அறைன்னா 100 மில்லி தண்ணீருக்கு 3 சொட்டு, அரை மணி நேரம், ஜன்னல் திறந்திருக்கணும். பூனையோட கல்லீரல் இந்த மாதிரிப் பொருளைச் சரியா வெளியேத்தாது, அதனால ஹாலில் வேணாம். சீக்கிரம் தீப்பிடிக்கிற எண்ணெய், விளக்குப் பக்கமும் வைக்காதீங்க.