புதுப்பிப்பு: கன்றுக்கும் மகனுக்கும் ஒரே சமயத்தில் வயிற்றுப்போக்கு, காரணம் தெரிந்தது

நெல்லிக்குப்பம் பக்கம் எங்கள் வீட்டில் 10 நாள் கன்றுக்குக் கழிச்சல், அதற்கு விரலைச் சப்பக் கொடுத்து விளையாடும் மகனுக்கும் வயிற்றுப்போக்கு என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

'கிரிப்டோஸ்போரிடியம் (குடலைத் தாக்கும் நுண்ணிய ஒட்டுண்ணி) இருக்கிறதா என்று தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள்' என்ற யோசனைதான் கைகொடுத்தது. மகனின் முதல் மலப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்றார்கள். சிறப்புச் சாயம் போட்டதும் தெரிந்தது. கன்றின் சாணத்திலும் அதே. ஓ.ஆர்.எஸ்., மருத்துவர் கொடுத்த மருந்து, 2 வாரத்தில் மகன் தேறிவிட்டான். கன்றும் துள்ளுகிறது.

எதிர்பாராதது: கொட்டில் முழுக்க பிளீச்சிங் பவுடர் தூவி நிம்மதியாக இருந்தேன். ஆனால் இந்தக் கிருமி அந்தப் பவுடரில் இருக்கும் குளோரினுக்கு அசையாது, சானிடைசருக்கும்தான். இப்போது கொதிநீர் ஊற்றிக் கழுவி நன்றாகக் காயவிடுகிறோம். கைக்குச் சோப்பு, குடிக்கக் காய்ச்சிய தண்ணீர்.