எங்க பழைய நேரோபோட் வாங்குன பரிசுகளோட வரலாற எங்கருந்து தேட ஆரம்பிக்கறது?

படகுவாசி:
எல்லாருக்கும் வணக்கம். இங்கிலாந்துல ப்ரான்ஸ்டன் பக்கம் கிராண்ட் யூனியன் கெனால்ல நானும் என் வீட்டுக்காரரும் ஒரு பழைய நேரோபோட் (கெனால்ல ஓடற ஒடுக்கமான, நீளமான படகு) வாங்கிருக்கோம். முன்னாடி வெச்சிருந்த பெரியவர் இறந்துட்டாரு, அவரோட பொண்ணுதான் வித்தாங்க. அப்பா இந்தப் படகுக்கு நெறைய கப் வாங்கிருக்காருன்னு சொன்னாங்க, ஆனா எந்த வருஷம், எங்க, எதுக்குன்னு அவங்களுக்குத் தெரியல, கப் ஒண்ணுகூட வீட்ல இல்லையாம்.

பின் கேபின் கதவுக்கு உள்பக்கம் பூரா பித்தளை பிளேட். பர்மிங்காம் 1969னு ஒண்ணு, அப்புறம் 80கள்ல லண்டன் லிட்டில் வெனிஸ் வரிசையா சிலது, இன்னும் பல ஊர். இது எல்லாமே பரிசா? கேடயம் மாதிரி சின்னதா ஒண்ணு மட்டும் தனியா இருக்கு, எழுத்து தேஞ்சுபோய் படிக்க முடியல. கேபின் பக்கவாட்டுல இப்ப இருக்கற பேருக்கு அடில, பெயிண்ட் உரிஞ்ச எடத்துல வேற ஒரு பேரு லேசா தெரியுது. பழைய ஓனருங்க விவரம் கேட்டு ஒரு எடத்துக்கு எழுதுனேன், தனிப்பட்ட தகவல் தர முடியாதுன்னு ஒத்த வரில பதில் வந்துச்சு.

அந்த மனுஷன் இத அவ்ளோ பாத்துப் பாத்து வெச்சிருந்திருக்காரு, அந்தக் கதை எங்க கைக்கு வந்ததும் அறுந்து போயிடக்கூடாதுன்னு நெனைக்கறேன். எங்கருந்து ஆரம்பிக்கறதுன்னு சொல்லுங்க.

பூட்டுக்கதவு:
அக்கா, மொதல்ல பிளேட்ட ரெண்டா பிரிச்சுக்கோங்க. ராலிக்கு, அதாவது படகுங்க ஒண்ணு கூடற விழாவுக்கு, வந்து பதிவு பண்ற எல்லாப் படகுக்கும் அந்த வருஷத்து பிளேட் ஒண்ணு குடுக்கறது வழக்கம், ராலி பேரு, ஊரு, வருஷம் மட்டும் வார்ப்புல இருந்துச்சுன்னா அது நாங்க வந்தோம்ங்கறதுக்கான அடையாளம், அவ்ளோதான், பரிசு கிடையாது. பரிசுன்னா போட்டி பேரோ எத்தனாவது எடம்ங்கறதோ தனியா பொறிச்சிருக்க வாய்ப்பு ஜாஸ்தி. அதனால உங்க கதவுலயே முக்கியமானது அந்தத் தேஞ்ச கேடயம்தான்.

தயவுசெஞ்சு பிராஸோ மாதிரி பித்தளை பாலிஷ் போட்டுத் தேய்க்காதீங்க, மிச்சம் இருக்கற எழுத்தும் போயிடும். மெல்லிசு பேப்பர் மேல வெச்சு பென்சில படுக்கவெச்சுத் தேய்ங்க, இல்லன்னா ராத்திரி லைட்ட அணைச்சுட்டு டார்ச்ச ஒரு ஓரத்துல சாய்ச்சு அடிச்சு போட்டோ எடுங்க, பள்ளத்துல நிழல் விழுந்து எழுத்து எந்திரிச்சு வரும்.

கப் வீட்ல இல்லாதது எனக்கு ஆச்சரியமா இல்ல. ராலில பெரிய கப்பு நெறைய சுழற்கோப்பைதான், ஒரு வருஷம் வெச்சிருந்துட்டு அடுத்த ராலிக்குத் திருப்பிக் குடுத்துடணும். ஜெயிச்சவங்க பேர அந்தக் கப்புலயோ அதோட பீடத்துலயோ பொறிச்சிருப்பாங்க, அதனால கப் இப்ப யார்கிட்ட இருக்குன்னு தெரிஞ்சா அதுவே ஒரு லிஸ்ட்டு.

நீர்க்காகம்:
அக்கா, பூட்டுக்கதவு சொன்னது சரி, ஆனா அதுக்கு முதல் இது எந்தப் படகு எண்டு உறுதியா பிடியுங்கோ. ஓனர் மாறேக்க பேரும் மாறும், பரிசு கிடைச்ச நேரம் என்ன பேர் இருந்ததோ அந்தப் பேரிலதான் பேப்பரில வந்திருக்கும். இப்பத்தைய பேர வச்சுத் தேடினா ஒண்டும் கிடைக்காது.

பேர விட நம்பர்தான் நம்பலாம். சரக்குப் படகா ஓடின காலத்தில கெனால் கொம்பனியள் வரி எடுக்கிறதுக்காக படக அளந்து வச்சவை, தெரிஞ்ச பாரத்த ஏத்தி ஏத்தி, தண்ணிக்கு மேல எவ்வளவு நிக்குது எண்டு அட்டவணை போடுறது, அதுக்கு ஒரு நம்பர் இருக்கும். அதோட 1877ம் ஆண்டு வந்த கெனால் போட்ஸ் சட்டத்தால, ஆக்கள் குடியிருக்கிற படகெல்லாம் உள்ளூராட்சிச் சபையில பதிய வேணும், பேரும் நம்பரும் படகில எழுதியும் இருக்க வேணும். அந்தப் பதிவேடுகள் இண்டைக்கும் பல உள்ளூர் ஆவணக் காப்பகங்களில கிடக்கு. எல்ஸ்மியர் போர்ட்டில இருக்கிற நேஷனல் வாட்டர்வேஸ் மியூசியத்தில பெரிய கெனால் ஆவணக் காப்பகம் ஒண்டும் இருக்கு, போறதுக்கு முதல் எழுதிக் கேட்டிட்டுப் போங்கோ.

படகின்ர நீளம் எவ்வளவு? அடியில தெரியிற பேர் ஊர்ப் பேரோ, இல்லாட்டி நட்சத்திரப் பேரோ?

படகுவாசி:
நீளம் 57 அடி. பேரு ஊர் பேர்தான், பாதி எழுத்து நல்லாவே தெரியுது. நட்சத்திரமான்னு ஏன் கேட்டீங்க?

சுக்கான்:
அத நான் சொல்றேன். கிராண்ட் யூனியன் கெனால் கேரியிங் கம்பெனி 1930கள்ல ஒரே மூச்சுல நூத்துக்கணக்கான படகு கட்டுச்சு, வுல்விச்ல ஹார்லண்ட் அண்ட் வுல்ஃப், நார்த்விச்ல யார்வுட்ஸ், ரிக்மன்ஸ்வொர்த்ல வாக்கர்ஸ், இப்படிப் பல எடத்துல. அதுல ஒரு வகைக்கு நட்சத்திரம், கிரகம்னு பேரு, ஸ்டார் கிளாஸ். இன்னொரு வகைக்கு ஊர் பேரு, டவுன் கிளாஸ், அது கொஞ்சம் ஆழமான உடம்பு. ஊர் பேரு இருக்கறதாலயே டவுன் கிளாஸ்னு அடிச்சுச் சொல்லிட முடியாது, ஆனா ப்ரான்ஸ்டன் பக்கம், இரும்பு உடம்புன்னா மொதல்ல அங்கதான் பாக்கணும்.

57 அடிங்கறதுதான் முக்கியமான விஷயம். இந்தப் படகுங்க பொறக்கும்போது 70 அடிக்கு மேல. வேலை போனதும் பல படக வெட்டிக் குறைச்சாங்க, ஏன்னா கால்டர் அண்ட் ஹெபிள் மாதிரி கெனால்ல லாக் (படக ஏத்தி எறக்கற, ரெண்டு பக்கமும் கதவு வெச்ச தண்ணித் தொட்டி) நீளம் அவ்ளோதான், 57 அடின்னா கிட்டத்தட்ட எல்லா எடத்துக்கும் போலாம். சிலத நடுவுல அறுத்து, வெட்டுன முன்பாதிக்கு புதுசா பின்பக்கம் வெச்சு இன்னொரு படகாக்கிருக்காங்க. அதனால பரிசு வாங்குனப்போ உங்க படகு முழு நீளமா இருந்துச்சா, வெட்டுனதுக்கு அப்புறமான்னு பழைய போட்டோல பாத்து வெச்சுக்கோங்க. இதே பழைய பேர சொல்லிக்கிட்டு வேற எங்கயாவது ஒரு முன்பாதி மெதந்துக்கிட்டு இருந்தா அதோட பரிசும் உங்க கணக்குல வந்து கலந்துடும்.

இன்னொண்ணு, இத யாரும் யோசிக்கறதில்ல. பிளேட் படகோட மட்டும் போறதில்ல, ஓனரோடவும் போகும். படக வித்துட்டு வேற வாங்கறவங்க ஆசையா சேத்த பிளேட்ட எல்லாம் கழட்டி புதுப் படகுல அடிச்சுப்பாங்க. அந்த பர்மிங்காம் 1969, கெனால் ஆர்வலர்களோட சங்கமான இன்லேண்ட் வாட்டர்வேஸ் அசோசியேஷனோட தேசிய ராலி அந்த வருஷம் பர்மிங்காம்லதான் நடந்துச்சு. ஆனா 1948ல கெனால் எல்லாம் அரசுடைமை ஆனப்ப கம்பெனி படகுங்களும் அரசு கைக்குப் போச்சு, சரக்கு நின்னதுக்கு அப்புறமும் பல படக கெனால பாத்துக்கிட்ட அரசு அமைப்பு பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் சேறு அள்ளவும் கரை கட்டவும் வெச்சிருந்தாங்க. உங்க படகு தனியார் கைக்கு எப்ப வந்துச்சுன்னு தெரியாம அந்த பிளேட்ட லிஸ்ட்ல சேக்காதீங்க. ஹிஸ்டாரிக் நேரோ போட் கிளப்ல கேளுங்க, இந்த மாதிரி படகுங்களோட பழைய வரலாறு தெரிஞ்சவங்க அங்க இருக்காங்க.

பூட்டுக்கதவு:
சுக்கான் அண்ணே சொன்னது நல்ல பாயிண்ட். லிட்டில் வெனிஸ் பிளேட்டுக்கு ஒரு சரிபார்ப்பு இருக்கு, அங்க நடக்கற கெனால்வே கேவல்கேட்ங்கற படகு விழா 1983லதான் ஆரம்பிச்சுது, மே மாசம் வங்கி விடுமுறை வாரக் கடைசில நடக்கும். அலங்காரம், படகு ஓட்டற திறமை, ராத்திரி விளக்கு ஊர்வலம்னு போட்டி வெக்கறது உண்டு, அதனால படக நல்லா வெச்சிருந்ததுக்கு வாங்குன கப்புன்னு மட்டும் நெனச்சுத் தேடாதீங்க. ராலிகள்ல ரொம்ப தூரத்துலருந்து வந்த படகுக்குக்கூடப் பரிசு குடுப்பாங்க.

பத்திரிகைன்னா, வாட்டர்வேஸ் வேர்ல்ட் 1972லருந்து வருது, ராலி முடிஞ்சதுக்கு ரெண்டு மூணு மாசம் தள்ளி வந்த இதழப் பாருங்க. அசோசியேஷனோட சொந்த இதழ்களையும் விடாதீங்க. அப்புறம் ராலி நடந்த ஊரோட உள்ளூர் பேப்பர், பழைய பேப்பர தேடற வெப்சைட் பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்க்கைவ்ல பழைய பேர், இப்பத்த பேர், பெரியவரோட குடும்பப் பேர், மூணையும் தனித்தனியா போட்டுத் தேடுங்க. காசு கட்டறதுக்கு முன்னாடி உங்க லைப்ரரில கேட்டுப் பாருங்க, பல லைப்ரரில அங்கயே உக்காந்து சும்மா பாக்க விடறாங்க. ராலி புரோகிராம் புத்தகம் கெடச்சா அதுல வந்த படகுங்க லிஸ்ட் மட்டும்தான் இருக்கும், ஜெயிச்சது இருக்காது, ஏன்னா அது ராலிக்கு முன்னாடியே அச்சடிச்சது.

படகுவாசி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, கொஞ்சம் வெளிச்சம் வந்துருக்கு. பென்சில் வெச்சுத் தேய்ச்சதுல கேடயத்துல எழுத்து வந்துடுச்சு, பழைய சரக்குப் படகு பிரிவு, இரண்டாம் இடம், வருஷம் 1984. பக்கத்துல பொறிச்சிருக்கறது இப்பத்த பேரு இல்ல, அடில இருக்கற ஊர் பேரு! அப்போ 84ல இந்தப் படகு பழைய பேர்லயே ஓடிருக்கு.

படகு வரலாறு தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட கேட்டதுல டவுன் கிளாஸ்தான்னு சொன்னாரு, 70கள் பாதி வரைக்கும் பராமரிப்பு வேலைல இருந்துச்சாம். அப்படின்னா பர்மிங்காம் 1969 பிளேட் இதோடது இல்ல. பெரியவரோட பொண்ணுக்கு போன் பண்ணுனேன், அப்பா இதுக்கு முன்னாடி மரப் படகு ஒண்ணு வெச்சிருந்தாருன்னு சொல்லி ஆல்பத்துலருந்து ஒரு போட்டோ அனுப்புனாங்க. அதே ஆல்பத்துல எங்க படகோட போட்டோவும் இருக்கு, முழு நீளத்துல, பழைய பேரோட, கூரை மேல ஒரு வெள்ளிக் கப்போட அவரு நிக்கறாரு. பின்னாடி எதுவும் எழுதல. எனக்கு பாக்கப் பாக்க கண்ணு கலங்கிடுச்சு.

இப்ப ரெண்டு கேள்வி. அந்தக் கப் எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? 1969 பிளேட்ட என்ன பண்றது, கழட்டி அவங்ககிட்ட குடுத்துடலாமா?

சுக்கான்:
ரொம்ப சந்தோஷம்மா. போட்டோவ நல்ல ரெசல்யூஷன்ல ஸ்கேன் பண்ணி அனுப்பச் சொல்லுங்க, போன்ல எடுத்தது பத்தாது. கப்போட கைப்பிடி, மூடி, பீடத்துல எத்தன வரிசை தகடுன்னு பாத்தா பத்திரிகைல வர்ற பரிசளிப்பு போட்டோவோட ஒப்பிடலாம். பின்னாடி பாலமோ லாக்கோ தெரிஞ்சா எந்த ஊருன்னு ப்ரான்ஸ்டன் ராலிக்கு வர்ற பழைய ஆளுங்க பாத்த ஒடனே சொல்லிடுவாங்க, ஜூன்ல அந்தப் பிரிண்ட்ட கைல எடுத்துக்கிட்டுப் போங்க.

லிஸ்ட் எழுதும்போது ஒவ்வொரு பரிசுக்கும் அப்ப இருந்த பேரு, நீளம், போட்டிப் பிரிவு, எதுல பாத்தீங்கங்கறத சேத்து எழுதுங்க. கப் பேரு தெரியாத எடத்த காலியா விடுங்க, ஊகத்த எழுதாதீங்க, அப்புறம் வர்றவங்க அத உண்மைன்னு எடுத்துப்பாங்க. நேஷனல் ஹிஸ்டாரிக் ஷிப்ஸ் பதிவேட்டுக்குப் போட்டாலும் உதவும், அதுக்கு 50 வயசு, 33 அடி நீளம் தாண்டிருக்கணும்ங்கறது உங்க படகுக்குத் தாண்டிடுச்சு, எவ்ளோ வெட்டி மாத்திருக்காங்கங்கறதுதான் கேள்வியா வரும்.

நீர்க்காகம்:
அக்கா, அந்த 1969 பிளேட்ட நீங்களா கழட்டாதேங்கோ, மகளிட்ட கேளுங்கோ, அவவின்ர அப்பா தன்ர கையால அடிச்சது. அவ என்ன முடிவு சொன்னாலும் முதல் படமெடுத்து வையுங்கோ. அந்த மரப் படகின்ர பேர் ஆல்பத்தில வாசிக்கக்கூடியதா இருந்தா இங்க போடுங்கோ, அது இப்பவும் யாரிட்டயாவது இருக்கலாம், அவையும் உங்களை மாதிரி தேடிக்கொண்டு இருப்பினம்.