கவிதைப் பட்டறைக்குப் பின் எழுத்து நகரவில்லை

கேள்வி:
சென்ற மாதம் ஒரு கவிதைப் பட்டறையில் கலந்துகொண்டேன். அங்கே தந்த தலைப்புகளுக்கு உடனே எழுத முடிந்தது. வீட்டிலோ ‘பிரிவு’ என்று தாளில் எழுதியபின் ஒரு வரியும் வரவில்லை. கவிதைக்கான பொறியை எங்கே தேடுவது?

மறுமொழி 1:
உணர்ச்சியின் பெயரிலிருந்து தாங்கள் தொடங்குவதே தடை என்று கருதுகிறேன். அகப்பாடலுக்கு முதல், கரு, உரி என மூன்று பொருள்களைத் தொல்காப்பியம் கூறுகிறது. உணர்ச்சியாகிய உரிப்பொருளே சிறந்ததாயினும், முதற்பொருளாகிய நிலமும் பொழுதும், கருப்பொருளாகிய அந்நிலத்துப் பறவையும் மரமும் தொழிலும் சொல்லப்பட்ட பிறகே பிரிவும் இரங்கலும் வருகின்றன. குறுந்தொகையின் 41ஆம் பாடலில், தலைவன் பிரிந்த நாளின் வெறுமையைச் சொல்ல, மக்கள் விட்டுப்போன வீட்டு முற்றத்தில் அணில் ஆடுகிறது. அந்தக் காட்சியே புலவருக்கு ‘அணிலாடு முன்றிலார்’ என்ற பெயராகவும் நிலைத்துவிட்டது. எனக்கு மிகவும் பிடித்த பெயர் இது.

மறுமொழி 2:
எங்கள் ஊர் நூலகத்தில் கூடும்போது, அரைமணி நேரம் ஓரிடத்தில் அமர்ந்து, உணர்ச்சிச் சொல் எதுவும் இல்லாமல் கண்டதை மட்டும் எழுதுகிறோம். குறுந்தொகைப் பாடல்கள் பெரும்பாலும் 4 முதல் 8 அடிகளில் முடிவதால், நாங்களும் 8 அடிகளைத் தாண்டுவதில்லை. முயன்று பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. நேற்று மாலை, பூட்டிக் கிடக்கும் பாட்டி வீட்டின் திண்ணையில் அமர்ந்திருந்தேன். 5 அடிகள் வந்துள்ளன; நான்காம் அடி மட்டும் இன்னும் அமையவில்லை.