நிழலில் சாப்பிட்ட புளியோதரை

சித்தி: குட்டியின் பிறந்த நாளுக்கு யாரோ கொடுத்த புத்தகம், தஞ்சைப் பெரிய கோயில் பற்றியது. படங்கள் அருமை. ஆனால் 7ஆம் பக்கத்தில் ‘கோபுர நிழல் தரையில் விழாது’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

மாமா: உண்மைதானே? சின்ன வயசிலிருந்து கேட்கிறோமே.

நான்: (படம்) மாமா, போன டிசம்பரில் எடுத்தது. நீங்கள் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு எந்த நிழலில் உட்கார்ந்திருக்கிறீர்கள்?

மாமா: அட!

தாத்தா: முதலில் அது கோபுரமே இல்லை, விமானம். வாசல் மேல் இருப்பது கோபுரம், கருவறை மேல் எழும்புவது விமானம். கிட்டத்தட்ட 216 அடி. வெயில் அடித்தால் நிழல் விழாமல் எங்கே போகும்? உச்சியில் 80 டன் ஒரே கல் என்றும் எழுதியிருப்பார்களே. அதுவும் பல கற்களைச் சேர்த்து வைத்ததுதான்.

சித்தி: இருக்கிறது அப்பா. சாரப்பள்ளம் என்ற ஊரிலிருந்து சாரம் கட்டி யானை அந்தக் கல்லை இழுக்கிற படத்தோடு. பெரிய நந்தியும் ராஜராஜன் வைத்ததாம்.

தாத்தா: நந்தி அவனுக்குப் பின்னால் வந்த நாயக்கர் காலம்.

மாமா: விடுங்கப்பா, பிள்ளைகள் படிக்கிறது. கொஞ்சம் அதிசயம் இருந்தால்தான் பக்கத்தைப் புரட்டுவார்கள்.

தாத்தா: அதிசயம் கல்வெட்டிலேயே கொட்டிக் கிடக்கிறது. ‘நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்’ கல்லில் வெட்டச் சொல்கிறான் ராஜராஜன். தனக்கு அடுத்தபடி அக்காள் குந்தவை! பல ஊர்க் கோயில்களிலிருந்து 400 ஆடல் பெண்களை வரவழைத்தான். அத்தனை பேருக்கும் பெயர், சொந்த ஊர்க் கோயில், குடியிருந்த வீடு எல்லாம் வெட்டியிருக்கிறது. அவர்கள் குடியிருந்த தெருவுக்குத் தளிச்சேரி என்று பெயர். தளிச்சேரி, தென்சிறகு, தலைவீடு, இரண்டாம் வீடு என்று வரிசையாக. ஆளுக்கு வருஷம் 100 கலம் நெல்.

அம்மா: ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே கதவு நம்பரா! சிறகு என்றால் என்னப்பா?

தாத்தா: தெருவின் ஒரு பக்க வரிசை. தெற்கு வரிசை தென்சிறகு. கோயில் கட்டிய பெருந்தச்சன் குஞ்சரமல்லன் பெயரும் உண்டு. நாவிதருக்குக்கூட ராஜா தன் பெயரையே பட்டமாகக் கொடுத்தான், ராஜராஜப் பெருநாவிசன் என்று.

சித்தி: புத்தகத்தில் இதில் ஒரு வரி கூட இல்லை. எனக்கே இப்போதுதான் தெரியும்.

அம்மா: குட்டி என்ன சொல்கிறாள்?

சித்தி: 7ஆம் பக்கத்தில் வெள்ளைத் தாள் ஒட்டிவிட்டாள். அதில் அந்த வீடுகளை வரையப் போகிறாளாம். ‘வாசலில் பேர் எழுதணும், பத்து அக்கா பேராவது வேணும் தாத்தா’ என்கிறாள்.

தாத்தா: பரணில் கல்வெட்டுத் தொகுதி இருக்கிறது. யாராவது வந்து ஏணியைப் பிடியுங்கள்.

மாமா: நான் வருகிறேன். அந்த போட்டோவையும் ஒட்டச் சொல், ஆனால் என்னை வெட்டிவிட்டு நிழலை மட்டும்.