நார்மல் வந்துடுச்சுன்னு சுகர் மாத்திரைய நிறுத்திடுற அப்பா, என்ன பண்றது?

கோவைப்பொண்ணு:
அப்பாவுக்கு 62 வயசுங்க, சுகர் வந்து பல வருஷமாச்சு. மெட்ஃபார்மின் ரெண்டு வேளை, காலைல சாப்பாட்டுக்கு முன்னாடி கிளிமிபிரைடு. மறதியெல்லாம் சுத்தமா கிடையாது, எல்ஐசி பிரீமியம் தேதி வரைக்கும் ஞாபகம் வெச்சிருப்பாரு. ஆனா ஃபாஸ்டிங் 110னு வந்துட்டா போதும், "இறங்கிடுச்சு"ன்னு மாத்திரைய நிறுத்திடுவாரு, அப்புறம் தலை சுத்துனா மறுபடி ஆரம்பிப்பாரு, கேட்டா மாத்திரை கிட்னிய கெடுத்துடும் ஆவாரம்பூ கஷாயம் போதும்ங்கறாரு. செக்கப்புக்கு முன்னாடி மட்டும் ஒழுங்கா போட்டுட்டுப் போய் டாக்டர்கிட்ட நல்ல பேரு வாங்கிடறாரு!

மருந்துக்கடை:
எங்க கடைக்கு வர்றவங்கள்ல பாதிப் பேரு இப்படித்தான். காய்ச்சல் மாத்திரை மாதிரி நினைச்சுக்கறாங்க, 110 வந்ததே மாத்திரையாலதான்னு தோணறதில்ல. ஹெச்பிஏ1சி எடுக்கச் சொல்லுங்க, ரத்த சிவப்பணு சுமார் 120 நாள் இருக்கும், அதுல ஒட்டுன சர்க்கரைய வெச்சு ரெண்டு மூணு மாச சராசரி தெரிஞ்சிடும். கடைசி நாலு நாள் மாத்திரை போட்டு அத ஏமாத்த முடியாது.

நர்ஸக்கா:
கிட்னி கதை தலைகீழா பரவிக் கிடக்கு. கன்ட்ரோல் இல்லாத சுகர்தான் கிட்னிய கெடுக்கும், கிட்னி ரொம்ப குறைஞ்சப்புறம் டாக்டரே மெட்ஃபார்மின நிறுத்திடுவாரு, அதப் பாத்துட்டு மாத்திரையாலதான் போச்சுன்னு ஊரே பேசும். வருஷம் ஒரு தடவை கிட்னி எப்படி இருக்குன்னு காட்டுற கிரியேட்டினினும் யூரின் அல்புமினும் பாத்து ரிப்போர்ட்ட அவர் கையிலயே குடுங்க. இன்னொண்ணு, தலை சுத்தறது சுகர் இறங்கியும் இருக்கலாம்மா. வேர்வை, கை நடுக்கம் இருக்கான்னு பாருங்க. அந்த நேரத்துல குளுக்கோமீட்டர்ல பாக்காம கிளிமிபிரைட எடுத்து வாயில போட்டா சுகர் இன்னும் இறங்கி ஆபத்து.

திருச்சிக்காரன்:
புரிய வெச்சா போதும்ங்கறத நான் ஒத்துக்க மாட்டேன். எங்கம்மா ரிட்டயர்டு டீச்சர், சுகர பத்தி நமக்கே பாடம் எடுப்பாங்க, ஆனா கல்யாணம் பஸ் பயணம்னா மெட்ஃபார்மின் கட். வயித்தால போகுதாம், வெளிய சொல்ல வெக்கம். டாக்டர் எஸ்ஆர் மாத்திரையா (அதே மருந்து, மெதுவா கரையறது) மாத்திக் குடுத்ததுக்கப்புறம் சரியாச்சு. எங்க தெருவுல மக்களைத் தேடி மருத்துவம் அக்கா வருவாங்க (2021ல ஆரம்பிச்ச தமிழ்நாடு அரசுத் திட்டம், வீட்டுக்கே வந்து மாத்திரை குடுப்பாங்க), அவங்க திட்டவே மாட்டாங்க, "போன மாச அட்டைல எவ்ளோ மிச்சம் இருக்கு, காட்டுங்க"ன்னு மட்டும் கேப்பாங்க. அந்தக் கேள்விக்கு பொய் சொல்றது கஷ்டம்.

கோவைப்பொண்ணு:
தலை சுத்தறப்ப பாத்ததே இல்லைங்கக்கா, மீட்டர் பீரோவுல தூங்குது. அடுத்த செக்கப்ல ஹெச்பிஏ1சி எழுதித் தரச் சொல்றேன். கஷாயத்த விடச் சொன்னா வீட்டுல போர்தான், அது பாட்டுக்கு இருக்கட்டுங்களா?

நர்ஸக்கா:
மாத்திரைக்குப் பதிலா வேண்டவே வேண்டாம். சேத்துக் குடிக்கறாருன்னா டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லிடுங்க, கிளிமிபிரைடோட சேந்தா சுகர் தாறுமாறா இறங்கவும் வாய்ப்பிருக்கு.