மினிபஸ் கம்பியில் வரிசையாக நிற்கும் கைகள்

நடிகைகளின் அழகைப் பார்த்து, அப்படி நான் இல்லையே என்று எனக்கு ஒருநாளும் மனம் நொந்ததில்லை. நான் பார்ப்பது, பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் காலை மினிபஸ்ஸில் பக்கத்தில் நிற்கும் பெண்ணை. மேல் கம்பியில் ஏழெட்டுக் கைகள் வரிசையாக இருக்கும். நெல்லியடி தாண்டுவதற்குள் எந்தக் கை என்னுடையதைவிட வெள்ளை, எது கறுப்பு, யாருடைய மணிக்கட்டு மெல்லிசு என்று கண் தானாகப் பார்த்து முடித்துவிடும். லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளர் 1954இல் எழுதியதைப் பிறகுதான் அறிந்தேன். அளந்து பார்க்க வேறு வழியில்லாத விஷயங்களில் மனிதர் தம்மைப் போன்ற இன்னொருவரை வைத்தே தம்மை அளக்கிறார்களாம். அந்தக் கம்பியில் நடப்பது அதுதான்.

ஆனால் நிறத்தை அளக்க எனக்குப் பழக்கியவர்கள் வீட்டில்தான் இருந்தார்கள். எங்கள் பக்கம் சுகம் விசாரிப்பதே "என்ன பிள்ளை, இப்படிக் கறுத்துப்போனாய்?", "நல்லாக் கொழுத்திட்டாய்" என்றுதான். நான் பெரியபிள்ளையானபோது நடந்த சாமத்தியவீட்டில் பெரியம்மா என்னையும் மச்சாளையும் பக்கத்தில் நிறுத்தி, "இவள் வடிவுதான், நிறம்தான் கொஞ்சம் குறைவு" என்றார். எனக்குப் பன்னிரண்டு வயது. அன்போடு, என் கன்னத்தைத் தடவிக்கொண்டே சொன்னார், அதனால் கோபப்படவும் தெரியவில்லை.

இருபத்திரண்டு வயதில், என்ன சேர்த்திருக்கிறார்கள் என்றே அச்சிடாத ஒரு கிரீமை வாங்கி இரண்டு மாதம் பூசினேன். முதலில் வெளுத்தேன், மச்சாளே என்ன பூசுகிறாய் என்று கேட்டாள், அன்று எவ்வளவு சந்தோசப்பட்டேன்! அப்புறம் கன்னம் எரியத் தொடங்கி, முன்னரைவிடக் கறுத்துத் திட்டுத் திட்டாக வந்தது. தோல் டொக்டர் முதலில் கேட்டது பாதரசம் பற்றித்தான். அது தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதைத் தடுப்பதால் தோல் வெளுக்கும், உடம்புக்குள் சேர்ந்தால் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்றார். தயவுசெய்து பெயர் விபரமில்லாத டப்பா எதையும் முகத்தில் வைக்காதீர்கள்.

போன வருடம் என் கலியாண அல்பம் வந்தது. படமெடுத்த தம்பி கேட்காமலே என் முகத்தை வெளுப்பாக்கியிருந்தார், கைகள் மட்டும் என் நிறத்தில் இருந்தன. முகத்தையும் என் நிறத்திலேயே விட்டு இன்னொரு அல்பம் தரச் சொன்னேன். "ஒருத்தரும் இப்படிக் கேட்டதில்லை, அக்கா" என்றார், ஆனால் செய்து தந்தார்.

அம்மா, வீட்டுக்கு வருகிறவர்களுக்கு முதல் அல்பத்தைத்தான் எடுத்துக் காட்டுகிறார். மற்றது என் அலுமாரியில் இருக்கிறது.